நாலு சில்லு வண்டி வாங்குவோருக்கு: நடுத்தர அளவோடு மூன்று ஆண்டுகள்

மார்ச் மாதத்தில், பகலில் பனி உருகி இரவில் மீண்டும் உறையும் சில வாரங்களில்தான் மேப்பிள் மரத்தில் சாறு ஓடும். ஒரு லீற்றர் பாணி காய்ச்சுவதற்கு ஏறத்தாழ 40 லீற்றர் சாறு வேண்டும். ஒன்ராறியோவில், கவார்த்தா லேக்ஸ் பகுதியின் வடக்கே, சுண்ணாம்புக்கல் நிலம் முடிந்து கருங்கற்பாறை தலைகாட்டத் தொடங்கும் எல்லையில் எங்களுக்கு ஒரு காணி இருக்கிறது. முதல் வருடம் அந்தக் காணியின் பின்காட்டிலிருந்து, பாணி காய்ச்சும் கொட்டிலுக்கு நானும் மாமாவும் 20 லீற்றர்க் கலன்களைத் தூக்கிக்கொண்டு முழங்காலளவு பனியில் நடந்தோம். மூன்றாம் நாள் மாமாவுக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. அன்றிரவே ஒரு வண்டி வாங்குவதென்று முடிவெடுத்துவிட்டோம். ஆனால் எந்த அளவு வண்டி என்று முடிவெடுக்க எனக்கு ஆறு மாதம் சென்றது. ரொறன்ரோவிலிருந்து வடக்கே காணி வாங்கிவரும் நம்மவர்கள் பலர் இதே கேள்வியை என்னிடம் கேட்பதால், அந்த ஆறு மாதத்தில் தேடி அறிந்ததையும் பின்னர் மூன்று ஆண்டுகள் ஓட்டி அறிந்ததையும் இங்கே எழுதிவைக்கிறேன்.

நான் கிளிநொச்சிப் பக்கம் வளர்ந்தவன். அங்கே லாண்ட்மாஸ்டர் என்ற இரண்டு சில்லு உழவு இயந்திரம் என்றால் உழுவதற்கும் அதுதான், நெல் ஏற்றுவதற்கும் அதுதான், இழுவைப் பெட்டியைக் கொளுவிவிட்டால் குடும்பத்தோடு கோயிலுக்குப் போவதற்கும் அதுதான். ஒரே இயந்திரம் வேலைக்கும் பொழுதுக்கும் நிற்பது எங்களுக்குப் பழகிய விஷயம். கனடாவின் நாட்டுப்புறத்தில் அந்த இடத்தில் நிற்பது, ஏ.ரி.வி. என்று எல்லோரும் சுருக்கமாகச் சொல்லும் நாலு சில்லு வண்டி. விறகு இழுப்பது, வேலிக்கட்டை ஏற்றுவது, பனி தள்ளுவது ஆகிய வேலைகளைச் செய்த அதே வண்டியில் சனிக்கிழமை காட்டுத்தடத்தில் உலாப் போகலாம். எங்கள் காட்டுப்பாதையில் பாறைகளுக்கும் மரங்களுக்கும் இடையே இருக்கும் வெளி சில இடங்களில் ஒன்றரை மீற்றரைத் தாண்டாது. உழவு இயந்திரமோ, பக்கத்தில் ஆள் இருந்து போகும் பெரிய வண்டிகளோ அதற்குள் சுகமாக நுழையமாட்டா.

நான் முதலில் போன கடையில், ஆயிரம் சிசி வண்டி ஒன்றைக் காட்டி, இதைவிடக் குறைந்ததை வாங்கினால் ஒரு வருடத்தில் வருந்துவீர்கள் என்றார்கள். எத்தனை ஏக்கர், என்ன சுமை, நிலம் மேடா பள்ளமா, ஓட்டப்போகிறவர் யார் என்ற நான்கு கேள்விகளில் ஒன்றையும் அவர்கள் கேட்கவில்லை. இந்த வண்டியைப் பொறுத்தவரை அந்த நான்கும்தான் கேள்விகள், குதிரைவலு அவற்றுக்குப் பின்னால் வருவது என்பது என் உறுதியான எண்ணம்.

நடுத்தர அளவு என்று நான் சொல்வது, பொதுவாக 400 முதல் 700 வரையான எண்ணைப் பெயரில் தாங்கிவரும் வண்டிகளை. பெயரில் இருக்கும் எண்ணை எஞ்சினின் கொள்ளளவு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். யமஹா கோடியாக் 450 என்ற வண்டியின் எஞ்சின் 421 சிசி. ஹொண்டா ரூபிகன் 520 இல் இருப்பது 518 சிசி. ஹொண்டா ராஞ்சர் 420 இல் பெயரும் அளவும் ஒன்றே. பொலாரிஸ் ஸ்போர்ட்ஸ்மன் 570 இல் 567 சிசி, 44 குதிரைவலு. கான்-ஆம் நிறுவனம் 2022 இல் 2023 ஆம் ஆண்டு மாதிரிகளாக வெளியிட்ட புதிய அவுட்லாண்டர் 500, 700 இரண்டிலும் இருப்பதோ ஒரே 650 சிசி ஒற்றைச் சிலிண்டர் ரோட்டக்ஸ் எஞ்சின். ஒன்று 40 குதிரைவலுவும் மற்றது 50 குதிரைவலுவும் தரும்படி அமைக்கப்பட்டிருக்கிறது. ஆகவே இரண்டு கடைகளில் இரண்டு வண்டிகளைப் பார்த்து எண்களை மட்டும் ஒப்பிட்டால் தவறான முடிவுக்கே வருவோம்.

இந்த வண்டியினம் எப்படிப் பிறந்தது என்பதை அறிந்தபோது, இன்றைய வண்டிகள் ஏன் இப்படி இருக்கின்றன என்பது எனக்கு விளங்கியது. குளிர்காலத்தில் மோட்டார் சைக்கிள் விற்பனை படுத்துவிடுகிறது, அந்த மாதங்களில் விற்க ஏதாவது செய்துதாருங்கள் என்று அமெரிக்க விற்பனையாளர்கள் ஹொண்டாவிடம் கேட்டார்கள். ஒசாமு தாக்கேயுச்சி என்ற பொறியியலாளர், காற்றமுக்கம் மிகக் குறைந்த பருத்த ரயர்களைப் பூட்டி மூன்று சில்லு வண்டி ஒன்றை வடிவமைத்தார். யூ.எஸ். 90 என்ற பெயரில் 1970 இல் அது சந்தைக்கு வந்தது, பின்னர் ஏ.ரி.சி. 90 என்று பெயர் மாறியது. பனியிலும் சேற்றிலும் மணலிலும் மிதந்தது போல ஓடிய அந்த வண்டி, திருப்பத்தில் இலகுவாகக் குடைசாய்ந்தது. சுசுக்கி 1980களின் தொடக்கத்தில் நான்கு சில்லு வண்டியைக் கொண்டுவந்தது. ஹொண்டா 1986 இல் நான்கு சில்லுகளுக்கும் விசை போகும் ஃபோர்ட்ராக்ஸ் 350 ஐக் கொண்டுவந்தது. விபத்துகள் பெருகியதால் அமெரிக்க அரசு வழக்குத் தொடுத்து, 1988 இல் தயாரிப்பாளர்களோடு எட்டிய உடன்பாட்டின்படி அங்கே புதிய மூன்று சில்லு வண்டிகளின் விற்பனை நின்றது. இன்று நாம் வாங்கும் வண்டி அந்தப் பாடத்தின் மேல் கட்டப்பட்டது. ஆனால் குடைசாயும் குணம் முற்றாகப் போய்விடவில்லை. அதைப் பற்றிப் பின்னால் எழுதுகிறேன்.

கான்-ஆமின் வேர் கியூபெக்கின் வல்கோர் என்ற சிற்றூரில் இருக்கிறது. அங்கே வாழ்ந்த ஜோசப்-அர்மான்ட் பொம்பார்டியேயின் இரண்டு வயது மகன், 1934 இன் குளிர்காலத்தில், பனியால் மூடிய பாதையில் மருத்துவமனைக்குக் கொண்டுபோக வழியில்லாமல் இறந்துபோனான். பனிமேல் ஓடும் வண்டி செய்வதில் ஏற்கெனவே ஈடுபட்டிருந்த அந்தத் தந்தை அதன் பின் அதையே தன் வாழ்க்கையாக்கிக்கொண்டார்; 1959 இல் வந்த ஸ்கீ-டூ என்ற பனி வண்டி அவருடைய உழைப்பில் விளைந்ததுதான். அவர் தொடங்கிய நிறுவனத்தின் பொழுதுபோக்கு வாகனப் பிரிவு 2003 இல் தனி நிறுவனமானது. 2006 முதல் அதன் நாலு சில்லு வண்டிகள் கான்-ஆம் என்ற பெயரில் வருகின்றன. எந்த வண்டியை வாங்குவது என்பதை இந்தக் கதை தீர்மானிக்கக் கூடாது என்பது எனக்குத் தெரியும். ஆயினும், பாதை இல்லாததால் பிள்ளைகளைப் பறிகொடுத்த வீடுகளை வன்னியில் பார்த்தவன் என்ற முறையில், அந்தக் கதை என் மனதை விட்டுப் போகவில்லை.

இனிச் சுமைக்கு வருகிறேன். வாங்குபவர்கள் குதிரைவலுவைக் கேட்கிறார்கள். நான் கேட்கச் சொல்வது இழுவை எல்லையையும் கரியர்களின் எல்லையையும். ராஞ்சர் 420 இன் இழுவை எல்லை 385 கிலோ. முன் கரியரில் 30 கிலோவும் பின் கரியரில் 60 கிலோவும் ஏற்றலாம். கோடியாக் 450 இன் இழுவை எல்லை 600 கிலோ. முன்னே 40, பின்னே 80 கிலோ. புதிய அவுட்லாண்டர் 500, 700 வண்டிகள் 830 கிலோ இழுக்கும். முன்னே 54, பின்னே 109 கிலோ தாங்கும். பெரிய எஞ்சின் வண்டிகள் மட்டுமே செய்யும் என்று ஒரு காலத்தில் எண்ணிய வேலையை நடுத்தர வண்டி செய்யத் தொடங்கிவிட்டது என்பதுதான் இந்த எண்களின் பொருள். பத்திருபது ஏக்கர் காணியில் 830 கிலோவை ஒரே தடவையில் இழுக்கவேண்டிய தேவை எங்களுக்கு இன்றுவரை வரவில்லை. ஈர விறகு நிறைந்த எங்கள் பெட்டி 400 கிலோவைத் தொடும். எங்கள் தேவையின் உச்சம் அவ்வளவுதான். எல்லையின் பாதியில் வேலைசெய்யும் வண்டி நீண்டகாலம் உழைக்கும் என்பது லாண்ட்மாஸ்டர் காலத்திலேயே அப்பா சொல்லித்தந்தது.

கியர் விஷயத்தில் நிறுவனத்துக்கு நிறுவனம் வழி வேறு. பெரும்பாலானவற்றில் விசையைக் கடத்துவது ஒரு ரப்பர் பெல்ட். இரண்டு கப்பிகள் விரிந்தும் சுருங்கியும் வேகத்தை மாற்றிக்கொள்ளும், ஓட்டுபவர் பெருவிரலால் வேக விசையை அழுத்தினால் போதும். பாரத்தோடு ஏற்றத்தில் மெல்ல ஊரும்போது பெல்ட் வழுக்கிச் சூடேறும். வேக கியரில் வைத்துக்கொண்டு அப்படி இழுத்தால் பெல்ட் கருகிவிடும் என்பதால், சுமை என்றவுடன் தாழ் கியருக்கு மாற்றுவதைப் பழக்கமாக்கிக்கொள்ள வேண்டும். யமஹா இதற்கு வேறொரு வழி கண்டிருக்கிறது: எண்ணெயில் மூழ்கிய தனிக் கிளச் ஒன்று பிடித்து விடும் வேலையைச் செய்வதால், பெல்ட் எப்போதும் இறுக்கமாகவே இருக்கும். ஹொண்டா ராஞ்சரில் பெல்ட்டே கிடையாது. மோட்டார் சைக்கிளைப் போலப் பற்சக்கரக் கியர், காலால் மாற்றுவதோ பொத்தானால் மாற்றுவதோ தானாக மாறுவதோ அவரவர் விருப்பம். எங்கள் அயலவரான வயோதிபர் ஒருவர் ராஞ்சர் ஒன்றைப் பல ஆண்டுகளாக வைத்திருக்கிறார். எண்ணெய் மாற்றுவதைத் தவிர அதற்கு வேறு பெரிய செலவு செய்ததில்லை என்று அவர் சொன்னபோது, நான் கிட்டத்தட்ட அதையே வாங்கிவிட இருந்தேன்.

பின் அச்சைப் பற்றியும் ஒரு சொல். ராஞ்சரின் அடிப்படை வண்டிகளில் பின் அச்சு ஒரே தண்டு. சுமை ஏற்றினால் வண்டியின் பின்புறம் அதிகம் தாழாது, ஆனால் பாறை மேல் ஏறும்போது ஒவ்வோர் அடியும் முதுகுக்கு வரும். கோடியாக்கிலும் அவுட்லாண்டரிலும் பின் சில்லுகள் இரண்டும் தனித்தனியே ஏறி இறங்கும். நாள் முழுவதும் சமநிலத்தில் பெட்டி இழுப்பவருக்கு முதல்வகை போதும். எங்கள் பாறை நிலத்தில், 60 வயதைக் கடந்த மாமாவும் ஓட்டவேண்டும் என்பதால், இரண்டாவது வகையே சரியாக இருந்தது. அதே காரணத்துக்காக ஹாண்டிலை இலகுவாக்கும் மின்விசை உதவியையும் கேட்டு வாங்கினேன். பனி தள்ளும் தட்டைப் பூட்டிய பின் அது இல்லாமல் திருப்புவது தோளை உடைக்கும் வேலை. இறுதியில் எங்கள் முற்றத்துக்கு வந்தது ஓர் அவுட்லாண்டர் 500.

வாங்கிய முதல் இலையுதிர்காலத்தில் நடந்ததை மறைக்காமல் எழுதவேண்டும். பின்காட்டிலிருந்து கொட்டிலுக்கு இறங்கும் பாதையில் ஒரு சரிவு இருக்கிறது. நாற்பது மீற்றருக்கு மேல் நீளமில்லை. நடந்தால் சரிவு என்றே தோன்றாது. முதல்நாள் மழையில் நனைந்த மேப்பிள் இலைகள் பாதை முழுக்க ஒட்டிக் கிடந்தன. பெட்டி நிறைய விறகு. வண்டி வேக கியரில், இரண்டு சில்லு ஓட்டத்தில் இருந்ததை நான் கவனிக்கவில்லை. சரிவின் பாதியில் பிரேக்கை அழுத்தினேன். சில்லுகள் நின்றுவிட்டன, வண்டி நிற்கவில்லை. பிரேக் இல்லாத பெட்டி பின்னாலிருந்து தள்ள, வண்டியின் பின்புறம் மெதுவாக இடப்பக்கம் விலகத் தொடங்கியது. பெட்டியின் நுனி என் வலது தொடைக்கு நேரே வந்துகொண்டிருந்ததை நான் திரும்பிப் பார்த்தேன். அந்த மெதுவான வேகம்தான் இன்றும் கனவில் வருகிறது. பாதை ஓரத்தில் நின்ற ஓர் இரும்புமரத்தில் பெட்டி முட்டி நின்றிராவிட்டால், ஏறத்தாழ 300 கிலோவுக்கு மேற்பட்ட இரும்பு என் மேல் சாய்ந்திருக்கும்.

அதன் பிறகு இந்த வண்டியை நான் காரைப் போல நினைப்பதில்லை. காரில் ஓட்டுபவர் ஒரு பயணி. இதில் ஓட்டுபவரின் உடல் வண்டியின் சமநிலையில் ஒரு பங்கு. ஏற்றத்தில் உடலை முன்னே சாய்க்கவேண்டும், இறக்கத்தில் இருக்கையின் பின்னுக்கு நகரவேண்டும், திருப்பத்தில் உட்புறம் சாயவேண்டும், குறுக்குச் சரிவில் மேட்டுப் பக்கம் பாரத்தைப் போடவேண்டும். சுமையோடு இறங்கும்போது, சரிவு தொடங்கும் முன்பே நின்று, தாழ் கியரையும் நான்கு சில்லு ஓட்டத்தையும் போட்டு, வேக விசையை விட்டுவிட்டு எஞ்சினின் பிடியிலேயே ஊர்ந்து இறங்கவேண்டும். அந்தப் பிடி நான்கு சில்லுகளுக்கும் போய்ச் சேர்கிறதா, பின் சில்லுகளோடு நின்றுவிடுகிறதா என்பது வண்டிக்கு வண்டி வேறுபடும்; யமஹா தன் வண்டிகளில் நான்கு சில்லுகளுக்கும் சேர்வதைச் சிறப்பாகச் சொல்லியே விற்கிறது. வாங்கும் நாளில் விற்பவரிடம் கேட்கவேண்டிய முதல் கேள்விகளில் ஒன்று இது. இந்த இடத்தில்தான் அளவின் அருமையும் விளங்குகிறது. எஞ்சினும் எடையும் கூடக்கூட, தவறு நேரும்போது உடலால் சமாளிக்கக்கூடிய எல்லை சுருங்கிக்கொண்டே போகும். ஆயிரம் சிசி வண்டியை வாங்கியிருந்தால் அந்தச் சரிவில் எனக்கு அதனால் ஒரு நன்மையும் கிடைத்திராது.

ரயரின் காற்றமுக்கத்தையும் நான் கார்க் கணக்கில்தான் முதலில் எண்ணினேன். காருக்கு 30 இறாத்தலுக்கு (பி.எஸ்.ஐ.) மேல் அடிப்போம். இந்த வண்டிகளுக்கு ஒற்றை இலக்கத்தில்தான் வரும், சரியான அளவு வண்டியில் ஒட்டிய தாளில் இருக்கும். இவ்வளவு குறைந்த அமுக்கத்தில் ஓரிரு இறாத்தல் வித்தியாசமே வண்டியை ஒரு பக்கம் இழுக்கும் என்பதால், தாழ் அமுக்கத்துக்கென்றே செய்த சிறிய அளவுகோல் ஒன்றை வாங்கி இருக்கைக்கு அடியில் வைத்திருக்கிறேன். பெற்றோல் நிலையத்துக் காற்றுக் குழாயின் அளவுகோலை நம்பக் கூடாது.

பிள்ளைகள் விஷயத்தில் வீட்டில் ஒரு வாக்குவாதம் நடந்தது. கோடை விடுமுறைக்கு வந்த பேத்தியைப் பின்னால் ஏற்றிக் குளக்கரை வரை போய்வர மாமா ஆசைப்பட்டார்.

“தம்பி, ஊரில் உன்னை நான் சைக்கிள் பாரில் ஏற்றிக்கொண்டு போகவில்லையா? மெல்லத்தானே போகப்போகிறேன்” என்றார்.

“மாமா, இது ஓர் ஆள் வண்டி. பின்னால் பாரம் ஏறினால் ஏற்றத்தில் முன் சில்லு கிளம்பிவிடும். நீங்கள் உடம்பைச் சாய்க்கவும் அவள் விடமாட்டாள்” என்று சொன்னேன். அவர் அன்று மாலை வரை என்னோடு பேசவில்லை. பின்னர் அவராகவே வண்டியில் ஒட்டியிருந்த எச்சரிக்கைத் தாளைக் கண்ணாடி போட்டு வாசித்துவிட்டு வந்தார்: ஆள் ஏற்றக் கூடாது, 16 வயதுக்குக் குறைந்தவர் ஓட்டக் கூடாது. இருவர் போவதற்கென்றே நீண்ட அடிச்சட்டத்தோடு வரும் வண்டிகள் தனியாக உண்டு. கான்-ஆமில் அவற்றை மாக்ஸ் என்பார்கள். பேரப்பிள்ளைகள் உள்ள வீடுகள் தொடக்கத்திலேயே அதை யோசித்து வாங்குவது நல்லது. அப்போதும், பின்னால் இருக்கும் பிள்ளையின் கால் மிதியில் நன்றாக ஊன்றவேண்டும்.

சொந்தக் காணிக்கு வெளியே போவதென்றால் ஒன்ராறியோவில் வண்டிக்கு இலக்கத்தகடும் காப்புறுதியும், தலையில் தலைக்கவசமும் கட்டாயம். எங்கள் வீட்டில் காணிக்குள்ளும் தலைக்கவசம் இல்லாமல் சாவி கையில் வராது. ஊர்ச்சபை அனுமதித்த வீதிகளில் ஓட்டுவதற்கு 16 வயது நிறைந்திருக்கவேண்டும், குறைந்தது ஜி2 (கார்) அல்லது எம்2 (மோட்டார் சைக்கிள்) அனுமதிப்பத்திரம் வேண்டும். 50 கிலோமீற்றரோ அதற்குக் குறைவோ என்று பலகை போட்ட வீதியில் 20 ஐயும், அதற்கு மேற்பட்ட வீதியில் 50 ஐயும் தாண்டக் கூடாது. எந்த வீதி திறந்திருக்கிறது என்பது ஊருக்கு ஊர் மாறும் என்பதால் ஊர்ச்சபையிடம் கேட்டுக்கொள்வதே சரி. லின்ட்சேயிலிருந்து கின்மவுண்ட் பக்கம் போகும் பழைய ரயில் பாதைத் தடத்தில் அக்டோபர் மாதத்தில் நான் ஓட்டிப் போவதுண்டு. தண்டவாளம் கழற்றப்பட்ட பாதை, இருபுறமும் சிவந்த மரங்கள், இடையிடையே சதுப்புநிலம். நாற்பது குதிரைவலு அங்கே எனக்கு ஒருநாளும் குறைவாகப் படவில்லை; அந்தத் தடத்தில் நடப்பவர்களும் குதிரையில் வருபவர்களும் இருப்பதால் அதற்கு மேற்பட்ட வேகத்துக்கு அங்கே இடமும் இல்லை.

குளிர்காலத்தில் முன்னே ஒரு பனித்தட்டைப் பூட்டி, அதை வின்ச்சின் (கயிறு சுற்றி இழுக்கும் மின் உருளை) கயிற்றால் தூக்கி இறக்குகிறோம். எஃகுக் கம்பியைவிடச் செயற்கைநார்க் கயிறு இந்த வேலைக்கு நல்லது. கம்பி அடிக்கடி மடிந்து நார்நாராகப் பிரிந்து கையைக் கிழிக்கும். வீட்டிலிருந்து வீதி வரையான எங்கள் பாதையைத் துப்புரவாக்க, 20 சென்ரிமீற்றர் பனிக்கு அரைமணிநேரத்துக்குக் கொஞ்சம் மேலே செல்லும். பனி ஈரமாகிக் கனக்கும் முன், கொட்டிக்கொண்டிருக்கும்போதே இரண்டு தடவையாகத் தள்ளிவிடுவது வண்டிக்கும் தட்டுக்கும் இலகு.

சாறு இழுப்பதற்கு, தொடக்கத்தில் பெட்டியில் ஒரு பெரிய நீர்த்தாங்கியை வைத்துப் பார்த்தோம். பாதி நிறைந்த தாங்கியில் சாறு முன்னும் பின்னும் அலைமோதியபோது வண்டி தானாக உந்தப்படுவதை உணர்ந்தேன். அந்தச் சரிவில் அதை இறக்க எனக்குத் துணிவு வரவில்லை. இப்போது மூடி இறுக்கிய 20 லீற்றர்க் கலன்கள் எட்டை இரண்டு வரிசையாக நிறுத்திப் பட்டியால் கட்டுகிறோம். ஒரு தடவைக்கு 160 லீற்றர், காய்ச்சினால் நான்கு லீற்றர் பாணி. சரிவின் தலைப்பில் நான் நின்று தாழ் கியர் போடும் சத்தம் கொட்டில் வரை கேட்கும். அதைக் கேட்டதும் மாமா அடுப்புக்கு விறகு தள்ளிவிட்டு, கையுறையை மாட்டிக்கொண்டு கலன்களை இறக்க வாசலுக்கு வந்துவிடுவார்.